கோழி சுட்ட கரை

எங்கள் வீட்டில் லீவு என்றால் கோழி. குவைத்தில் மங்காஃப் பக்கம் குடியிருக்கும் நம்மூர்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். முந்தின நாளே தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு போட்டு ஊறவைத்துவிடுவோம். கார் டிக்கியில் கரி மூட்டை, இரும்பு வலை, மடக்கு நாற்காலி எல்லாம் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்புவோம். குளிர்காலமானால் பாலைவனம். போனதும் முதல் வேலை, எங்காவது கருகிய கல்லும் மிச்சக் கரியும் கிடக்கிறதா என்று பார்ப்பது. கிடந்தால் அதுதான் நம் இடம். நமக்கு முன்னால் வந்தவன் காற்றுக்கு மறைவு பார்த்து, கல்லையும் கூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், நாம் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். வருஷக்கணக்கில் இப்படித்தான் எங்கள் கண் பழகியிருக்கிறது. கருகிய கல்லைப் பார்த்தால் எங்களுக்கு வேறு எதுவும் தோன்றாது, கோழிதான் தோன்றும்.

நெருப்புப் பற்றவைப்பது என் வீட்டுக்காரர் வேலை. அதில் அவருக்கு ஒரு திமிரே உண்டு. மற்றவர்கள் எண்ணெய் ஊற்றி, அட்டையால் விசிறி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள். இவர் ஒரே தீக்குச்சியில் காரியத்தை முடித்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்ப்பார். யாராவது பாராட்டும்வரை அந்தக் கை இறங்காது.

இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவைப்பது நாங்கள் கெட்ட மனிதர்கள் இல்லை என்று காட்டத்தான். அப்படிக் காட்ட வேண்டியிருப்பதே வெட்கமாக இருக்கிறது.

நான் ஆஸ்பத்திரி நர்ஸ். ஊர் கன்னியாகுமரிப் பக்கம், கடலோரம். என் வார்டில் என்னோடு டியூட்டி பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஊர் இமாச்சலப் பிரதேசம், தீர்த்தன் என்கிற ஆற்றின் பள்ளத்தாக்கு. என்னைவிட இளையவள். என்னை ‘தீதி’ என்பாள், அக்கா என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் அவளுக்கு ‘ஜீஜாஜி’, அத்தான். எங்கள் வீட்டில் அவளுக்கு மலைக்காரி என்று பெயர். எங்களுக்குள் பேச்செல்லாம் இந்தியில்தான். அவள் இந்தி பிறந்ததிலிருந்து பேசியது, என் இந்தி குவைத்துக்கு வந்து பொறுக்கியது. நான் ஆணைப் பெண்ணாக்கியும் பெண்ணை ஆணாக்கியும் பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

டீ குடிக்கும் இடைவேளையில் அவள் போனில் ஆற்றைக் காட்டுவாள். வெளியே வெயிலில் கார்க் கதவின் கைப்பிடியைத் தொட முடியாது. உள்ளே நாங்கள் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பச்சைத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

“இந்தத் தண்ணிய அப்படியே குடிக்கலாமா?” என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுத்துக் குடிக்கிற நாட்டில் இருப்பவள் வேறென்ன கேட்பாள்?

“குனிஞ்சு குடிக்கலாம் தீதி. பல்லு கூசும், அவ்வளவுதான்.”

ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் வந்தது.

போன மழைக்காலத்தில் அவள் அப்பா இறந்துபோனார். வார்டில் இருக்கும்போதுதான் போன் வந்தது. அந்த மழையில் மலை சரிந்து ரோடு அடித்துக்கொண்டு போயிருந்தது, டில்லிவரை பறந்தாலும் ஊர்போய்ச் சேர வழியில்லை. பள்ளத்தாக்கில் போன் டவரும் விழுந்துவிட்டதால் வீடியோவில்கூட அவளால் பார்க்க முடியவில்லை. எங்கள் ஊரிலாவது பிள்ளை வருகிறது, மகள் வருகிறாள் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள். அங்கே அதற்கும் வழியில்லை, அடுத்த நாளே ஆற்றங்கரையில் எரித்துவிட்டார்கள். அவள் அன்றைக்கும் அடுத்த நாளும் டியூட்டிக்கு வந்தாள். எத்தனையோ பேருக்குக் கடைசித் துணி போர்த்திய கை, தன் அப்பாவுக்கு ஒன்றும் செய்யவில்லை. நான் அவள் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன், அதைத் தவிர என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்டர் முடிந்து ரம்ஜான் பெருநாள் லீவு வந்தது. நாங்கள் அவள் ஊர்ப் பக்கம் போவதென்று முடிவாயிற்று. லீவுக்குப் போகிறவர்களிடம் சாமான் கொடுத்துவிடுவது இங்கே எல்லோரும் செய்வது. பால்பவுடர், பேரீச்சம்பழம், தைலம் என்று ஒரு பொட்டலமாவது வரும் என்று பெட்டியில் இடம் விட்டு வைத்திருந்தேன். அவள் வெறுங்கையோடு வந்தாள்.

“கொடுக்கிறதுக்கு அங்க யாருமில்ல தீதி. அம்மாவ அண்ணன் சண்டிகருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான், வீடு பூட்டிக் கிடக்கு. எனக்கு வேற ஒரு காரியம் செய்வீங்களா?”

“சொல்லு.”

“அப்பாவ எரிச்ச இடத்த ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. உன் அண்ணன்தான் அங்கே இருந்தானே, அவனிடம் கேட்கக் கூடாதா என்றேன்.

“கேட்டேன். அது பொம்பளைங்க பார்க்கிற இடமில்லங்கிறான். எங்க பக்கம் பொம்பளைங்க அங்க இறங்க மாட்டாங்க. நானே பாலத்து மேல போகும்போது தலையத் திருப்பிட்டுப் போனவதான்.” டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “அன்னிக்கு மழை. விறகெல்லாம் நனைஞ்சிருந்துதுன்னு பக்கத்து வீட்டு அத்தை வாய் தவறிச் சொல்லிட்டாங்க. சரியா பிடிச்சுதா, முழுசா எரிஞ்சுதான்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க. எனக்குத் தூங்கும்போதெல்லாம் அதேதான் தீதி. பிடிக்காத நெருப்பு. அந்த இடத்தப் பார்த்தா நெஞ்சு கொஞ்சம் அடங்கும்.”

ஊர்ப் பெயரை என் போனில் அவளே அடித்துக் கொடுத்தாள். ஊர் மேலே மலையில் இருக்கிறது, கீழே ஆற்றின் குறுக்கே கம்பியில் தொங்கும் நடைப்பாலம், அதன் அடியில் இரண்டு தண்ணீர் சேரும் கரை. அவ்வளவுதான் அவளுக்கும் தெரியும்.

“எங்கப்பா மேல சத்தியமா எடுத்துட்டு வருவேன்” என்று சொன்னேன். அது சும்மா வாய்க்கு வந்த சத்தியம் இல்லை. என் அப்பா கடலில் வலை போட்டவர். எங்கள் கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறார். வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு என் தங்கை மெழுகுவர்த்தி கொளுத்தி, பூ வைத்து, போனைக் கல்லறைப் பக்கம் திருப்பிப் பிடிப்பாள். நான் மங்காஃபில் அடுக்களையில் நின்றுகொண்டு ஜெபம் சொல்வேன். மலைக்காரி கேட்டது என்ன என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும்.

என் வீட்டுக்காரர் இரும்பு வலையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“இமயமலைக்கா கோழி சுடுற வலை?” என்றேன்.

“பின்ன? அங்க போய் யார்ட்ட கேக்க?”

“ஆமா, உங்க கெட்டிக்காரத்தனத்த இமயமலையும் ஒருக்கா பாக்கட்டும்.”

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

தீர்த்தன் பள்ளத்தாக்கைப் பற்றி எழுத எனக்கு ஆசை, எழுதக் கூச்சம். இருந்தாலும் அழகை அழகு இல்லை என்று சொல்ல முடியாது. சண்டிகரில் கார் பிடித்து மலை ஏறினோம். பெரிய சுரங்கப்பாதைக்கு முன்னால் ரோடு நெடுஞ்சாலையை விட்டுப் பிரிகிறது. அதிலிருந்து ஆறு கூடவே வந்துவிடுகிறது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினால் குளிர்ந்த காற்றோடு அதன் சத்தமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீர் பச்சை. கடலோரத்தில் பிறந்தவளுக்குத் தண்ணீரின் பச்சை தெரியாதா? இது அந்தப் பச்சை இல்லை. சோடா பாட்டிலின் அடிக் கண்ணாடிப் பச்சை. அதற்குள் கிடக்கும் கூழாங்கற்களை மேலே ரோட்டிலிருந்தே பார்க்கலாம். ஆற்றில் அங்கங்கே யானை யானையாக வெள்ளைப் பாறைகள், அவற்றில் மோதித் தண்ணீர் நுரைத்து மறுபடி பச்சையாகிறது.

சித்திரை மாதம் ஆப்பிள் பூக்கிற காலம். மலைச் சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் இலையே தெரியாமல் வெள்ளை, நடுநடுவே இளஞ்சிவப்பு. இன்னும் மேலே போனால் தேவதாரு, கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதற்கும் மேலே மலைமுகட்டில் பனி. வீடுகள் கல்லும் மரமும் மாற்றி மாற்றி அடுக்கியவை, மேலே கற்பலகைக் கூரை. தலையில் துணி கட்டிய பெண்கள் முதுகில் கூடையோடு சரிவில் ஏறிப் போகிறார்கள். மூச்சு வாங்குவது பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான்.

ஆற்றங்கரை வீட்டில் அறை எடுத்திருந்தோம். முதல் நாள் மகள் போர்வைக்குள்ளிருந்து, “மம்மி, ஏசி ரொம்ப சத்தம், லோ பண்ணுங்க” என்றாள். அவள் குவைத்தில் பிறந்தவள், தமிழை இங்கிலீஷுக்குள் தொட்டுக்கொள்பவள். ஏசி எங்கே இருக்கிறது அங்கே? ஆறு! நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் காலை நான் கரைக்குப் போய்க் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். பல் கூசியது, அவள் சொன்னபடியே. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மலைக்காரியை நினைத்துக்கொண்டேன். உடனே சத்தியமும் நினைவுக்கு வந்தது.

அறை கொடுத்தவரிடம் நேரே போய், இந்த ஊர்க்காரர்களை எரிக்கிற கரை எது என்று கேட்டிருந்தால் கையைக் காட்டிவிட்டிருப்பார். நான் அதைக் கேட்கவில்லை. கேட்கப் போனவளைத் தடுத்தது என் வீட்டுக்காரர்.

“சவத்த விடு பிள்ளே. லீவுக்கு வந்த இடத்துல சுடுகாடு எங்கன்னு கேட்டா அந்த மனுசன் என்ன நினைப்பான்? பிள்ளை வேற பக்கத்துல நிக்கா. டிரைவர்ட்ட சொல்லு, அவன் விசாரிப்பான்.”

எங்கள் பக்கம் எதற்கெடுத்தாலும் வாயில் வரும் சொல் அது, சவம். அன்றைக்கு அது சுருக்கென்று பட்டது. பட்டும் அவர் பேச்சைக் கேட்டேன். அவர் தலையில் பழியைப் போட மாட்டேன். எனக்கும் கூச்சம்தான். எனக்கும் லீவு கெட்டுப்போகக் கூடாது.

டிரைவர் சண்டிகர் ஆள், அந்தப் பள்ளத்தாக்கை அறியாதவர். பஜாரில் டீக்கடையில் விசாரித்தார். ஊர்ப் பெயரைச் சொல்லு என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சுடுகாடு எங்கே என்று மட்டும் கேட்கச் சொன்னேன், அதுவும் மகள் காதில் விழாமல் மெதுவாக. அவர்கள் பஜாரின் கோடியில் இருந்த இடத்தைக் காட்டினார்கள். தகரக் கூரை, சிமெண்டுப் படிகள், பெயிண்ட் அடித்த கம்பிக் கதவு. என் மனசில் இருந்த சுடுகாடும் அப்படித்தான். கூரை இருந்தது, படி இருந்தது, ஆறு இருந்தது. தொங்குபாலம் மட்டும் இல்லை. மழையில் போயிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். தலையில் முக்காடு போட்டு, அசையாமல் வீடியோ எடுத்து, கடைசியில் சிலுவை போட்டுக்கொண்டு காரில் ஏறினேன். கலாஸ், கடமை முடிந்தது. அன்றைக்கு மத்தியானம் நான் இரண்டு பிளேட் சாப்பிட்டேன்.

மறுநாள்தான் கோழி.

ஆற்றை ஒட்டி மேலே போய்க்கொண்டிருந்தபோது மகள்தான் முதலில் பார்த்தாள். “டாடி, ஸ்டாப், ஸ்டாப்!” கீழே ஆறு அகன்று, பக்கத்து மலையிலிருந்து வரும் இன்னொரு தண்ணீரோடு சேர்கிற இடம். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் பால் கலந்த மாதிரி, சேர்ந்து கொஞ்ச தூரம்வரை கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறது. வெள்ளை மணல், ஒரு வால்நட் மரம், மேலே ஆடிக்கொண்டிருக்கும் நடைப்பாலம். அந்த லீவு முழுக்கப் பார்த்த இடங்களில் அதுதான் அழகு. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஐயோ, பாலத்தைப் பார்த்தேனே! அந்த ஆற்றில் அப்படிப் பாலங்கள் ஒருபாடு, வளைவுக்கு வளைவு ஒன்று. என் கடமைதான் முந்தின நாளே முடிந்துவிட்டதே. முடிந்த காரியத்தை யார் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்?

இறங்கினோம். மணலில் கருகிய கற்கள். நடுவில் சாம்பல் கறை, ஓரத்தில் பாதி எரிந்த கட்டைகள். தொடை தண்டிக் கட்டைகள். கோழி சுட யார் இவ்வளவு தடித்த விறகு கொண்டுவருவான் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மலையில் விறகுக்கு என்ன பஞ்சம் என்று அடுத்த நிமிஷம் பதிலும் சொல்லிக்கொண்டேன். கற்களுக்கு நடுவே ஒரு சிவப்புத் துணிக் கிழிசல், உடைந்த மண்சட்டித் துண்டுகள், காய்ந்த செண்டுமல்லி. போகிற இடத்தைச் சுத்தமாக வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதில் எனக்கும் ஒரு திமிர். கையுறை மாட்டி எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கட்டினேன். மகள் அதையும் வீடியோ எடுத்தாள். நான் துணியைத் தூக்கிக் காட்டி, “பாருங்க, படிச்சவங்கதான் வந்திருப்பாங்க, குப்பையப் போட்டுட்டுப் போயிருக்காங்க” என்று பிரசங்கம் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு கட்டையைக் காலால் புரட்டினார். “இந்தா பாத்தியா, எவனோ பாதி எரிச்சிட்டு அப்படியே போட்டுட்டுப் போயிருக்கான். எரிக்கத் தெரியாத பய!” சிரித்தார். அந்தக் கட்டைகளையே உடைத்து, சுள்ளி சேர்த்து, கல்லைக் கூட்டி, வலையை வைத்தார். குச்சியைக் கிழித்தார். குப்பென்று பிடித்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். “பாத்துக்க, ஒரே குச்சில பிடிச்சிட்டு!”

நாங்கள் கை தட்டினோம்.

பாலத்தின் மேல் புல்லுக்கட்டோடு போன ஒரு பெண் நின்று எங்களைப் பார்த்தாள். மகள் கையை ஆட்டி “நமஸ்தே ஆன்ட்டி” என்று கத்தினாள். அவள் பதிலுக்கு ஆட்டவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். டிரைவர் மேலே ரோட்டுச் சுவரருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். ஒரு காலும் ஒரு நெஞ்சுத் துண்டும் தாளில் சுற்றி மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைக் கூப்பி, இன்றைக்கு விரதம் என்றார். முந்தின நாள் முட்டை தின்ற மனிதருக்கு இன்றைக்கு என்ன விரதம் என்று நான் கேலிகூடச் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எலும்பைக் கடித்துக்கொண்டு நிற்பவளிடம் அதை எப்படிச் சொல்வது?

மகள் வீடியோவை வெட்டி, பாட்டுப் போட்டு, எனக்கும் அனுப்பினாள். நான் அன்றைக்கே ஸ்டேட்டஸில் வைத்தேன். என் வார்டு முழுக்கப் பார்த்தது. மலைக்காரியும் பார்த்தாள் என்று போன் காட்டியது. அவள் ஊர் அழகைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து முதல் டியூட்டியிலேயே, மத்தியான இடைவேளையில், அவளைப் பேன்ட்ரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஊர் பாதாம் பருப்பு ஒரு பை கொடுத்தேன். பிறகு கொஞ்சம் பெருமையோடுதான், ஆமாம், பெருமையோடுதான், அந்தத் தகரக் கூரை வீடியோவைப் போட்டேன். முழுவதும் பார்த்தாள். போனைத் துடைத்து என்னிடமே தந்தாள்.

“இது பஜார்ல இருக்கிறது தீதி. எங்க ஊர்க்காரங்க இங்க வர மாட்டாங்க.”

“அய்யோ, அப்படியா? அந்த டிரைவர்தான்…” என்று ஆரம்பித்தேன்.

“பரவால்ல. நீங்க சரியான இடத்துக்கும் போயிருக்கீங்க.” அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். “கோழி சுட்டீங்களே, அந்த வீடியோ முழுசா இருக்கா? ஸ்டேட்டஸ்ல சின்னதா வெட்டிப் போட்டிருந்தீங்க. பாட்டு இல்லாம இருக்கா?”

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. பாலம். இரண்டு தண்ணீர். கருகிய கல். சிவப்புத் துணி. புல்லுக்கட்டுக்காரி. டிரைவரின் விரதம். என் அப்பாவின் கல்லறைமேல் யாராவது வலையை வைத்துக் கோழி சுட்டிருந்தால் நான் அவர்களை என்ன செய்திருப்பேன்? செருப்பைக் கழற்றியிருப்பேன். ஊரைக் கூட்டியிருப்பேன். அவள் பாட்டு இல்லாத வீடியோ கேட்கிறாள்.

“எனக்குத் தெரியாது… சத்தியமாத் தெரியாது… மன்னிச்சிரு” என்று இந்தியும் தமிழுமாக உளறினேன். அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

“தெரிஞ்சா செஞ்சிருப்பீங்க? விடுங்க தீதி. இடைவேளை முடிஞ்சிரும். போடுங்க.”

என் மன்னிப்பு அவளுக்கு எதற்கும் உதவவில்லை. வீடியோ உதவும். மகள் அனுப்பிய முழு வீடியோ என் போனில் இருந்தது. போட்டேன்.

அவள் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தோளுக்குப் பின்னால், காலுக்கு நடுவில், தட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கங்கே நிறுத்தச் சொல்லி, இரண்டு விரலால் பெரிதாக்கினாள். “தண்ணி இவ்வளவு பக்கத்துலயா இருக்கு?” “ஆமா.” “மரத்து நிழல் அங்கவரைக்கும் விழுமா?” “விழும். குளுகுளுன்னு இருந்துது.” “அப்பாவுக்கு வெயில் ஆகாது” என்றாள். நான் சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டிப் பிரசங்கம் செய்யும் இடம் வந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அவள் அதையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அது வேற யாரோடதாவது இருக்கும். அப்பாவோடது மழைத் தண்ணியிலயே போயிருக்கும்” என்றாள். என்னைத் தேற்றுகிறாள்! நான் தலையைத் தூக்கவில்லை.

அடுத்து என் வீட்டுக்காரர். கட்டையைக் காலால் புரட்டினார், பேசினார், சிரித்தார். குச்சியைக் கிழித்தார். குப்பென்று பிடித்தது.

“நிறுத்துங்க.” அவள் அந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஜீஜாஜி என்ன சொல்றார்?”

நான் பாதாம் பையின் வாயை மடித்து வைத்தேன்.

“சொல்லுங்க தீதி. நெருப்பப் பத்தித்தானே ஏதோ சொல்றார்?”

“ஒரே குச்சியில பிடிச்சிருச்சுங்கிறார்.”

“ஒரே குச்சியிலயா?”

“ஆமா.”

“எண்ணெய் ஊத்தாம?”

“ஊத்தல. அவர் எப்பவும் ஊத்த மாட்டார்.”

“அங்க கிடந்த விறகா?”

“அங்க கிடந்ததுதான்.”

“அச்சா” என்றாள். தோள் இரண்டும் கீழே இறங்கின. அவள் அப்பா போனதிலிருந்து அந்தத் தோள்கள் இறங்கி நான் பார்த்ததில்லை. முந்தானைபோல யூனிஃபார்ம் நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்போ அங்க நெருப்பு பிடிக்கும். ஆத்தங்கரைக் காத்துல விறகு சீக்கிரம் காஞ்சிரும்போல. மழை விட்டதும் பிடிச்சிருக்கும், இல்லையா?”

“பிடிச்சிருக்கும்” என்றேன்.

“அதுக்கு முன்னாடியும் ஏதோ சொன்னாரே, அந்தக் கட்டையக் காட்டி? சிரிச்சாரே?”

எங்கள் வார்டில் வேறு தமிழ் நர்ஸுகளும் இருக்கிறார்கள். யாரிடம் வேண்டுமானாலும் அவள் ஒருநாள் வீடியோவைப் போட்டுக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். அது தெரிந்துதான் சொன்னேன்.

“நல்ல விறகுங்கிறார்.”

அவள் தலையாட்டினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இடைவேளை இன்னும் கொஞ்சம் இருந்தது.

“மறுபடி போடுங்க தீதி.”

போட்டேன். என் வீட்டுக்காரர் மறுபடியும் அந்தக் கட்டையைக் காலால் புரட்டிவிட்டுச் சிரித்தார். அவளும் இந்தத் தடவை அவரோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள்.